கிரகணமும் உதடும்

பிரிஞ்சாங் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்திலாயினும் சரி, கடைத்தெருவின் மாடிவீட்டிலாயினும் சரி, மேலுதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்துவிட்டால், முதலில் எழும் கேள்வி குழந்தையைப் பற்றியதன்று, தாயைப் பற்றியது. "கிரகணத்தன்று நீ என்ன செய்தாய்?" என்பதே அக்கேள்வி. காய் நறுக்கினாயா, துணி தைத்தாயா, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாயா என்று மாமியார் கேட்பார், நாத்தனார் கேட்பார், பக்கத்து வீட்டாரும் வந்து கேட்பர். பிள்ளை பெற்ற களைப்பு நீங்காத அப்பெண், பல மாதங்களுக்கு முன் கழிந்த ஒரு நாளை நினைவில் துழாவித் துழாவி, "ஆம், அன்று வெங்காயம் அரிந்தேன்" என்று ஒப்புக்கொள்வாள். அவ்வளவுதான், வழக்குத் தீர்ந்தது. திருட்டு வழக்கிற்குக்கூடச் சாட்சியம் கேட்கும் நாம், ஒரு தாயின் தலையில் ஆயுட்காலப் பழியைச் சுமத்துவதற்கு ஒரு வெங்காயத்தைப் போதுமான சாட்சியமாகக் கொள்ளுகின்றோம்.

இப்பழியை ஆராய்வதும், பிளந்த உதட்டைச் சேர்த்துத் தைக்கும் கலை உலகில் வளர்ந்த வரலாற்றைக் கூறுவதும், அத்தகைய குழந்தையை இரண சிகிச்சைக்கு ஆயத்தப்படுத்துவது எவ்வாறு என்பதை அவ்வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்டுவதும் நமது நோக்கமாகும்.

கிரகணக் கதை நம்மவருக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர், கிரகணத்தின்போது ஏதோ ஒன்று நிலவைக் கடிப்பதாகவும், அதைக் கருவுற்ற பெண் கண்டால் அவள் பிள்ளையின் வாய் அவ்வாறே கடியுண்டு பிறக்கும் என்றும் நம்பினர். அதற்குக் காப்பாக இடுப்பில் ஒரு கற்கத்தியைச் செருகிக்கொண்டனர். நம் வீட்டுப் பாட்டி கத்தியைத் தொடாதே என்கிறாள். அந்நாட்டுப் பாட்டி கத்தியை வைத்துக்கொள் என்கிறாள். இருவருள் எவள் சொல்லைக் கேட்பது? சீனருடைய பழைய நூல்களோ முயற்கறி தின்ற தாய்க்கு இவ்விதப் பிள்ளை பிறக்கும் என்று எழுதிவைத்தன. ஐரோப்பியரும் இதனை முயலுதடு என்றே அழைத்தனர். சூலியின் வழியில் முயல் குறுக்கிட்டால் இது நேரும் என்பது அவர்கள் பயம். நிலவிலேயே முயலைக் காணும் நாம் இந்த இரண்டு கட்சிகளையும் ஒன்றாக்கிக்கொள்ளாமல் விட்டது வியப்பே. பிரிஞ்சாங்கில் தமிழர், சீனர், மலாய்க்காரர், மலைவாழ் பூர்வகுடியினர் ஆகிய அனைவரும் பக்கம்பக்கமாக வாழ்கின்றனர். சீன வீட்டில் சூலி இருக்கும் அறையில் கத்தரிக்கோல் எடுப்பது தோஷம். ஆணி அடிப்பது தோஷம். காரணங்கள் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. பிளவு மட்டும் எல்லார் வீட்டிலும் ஒரே வடிவில் வருகின்றது. ஒரு நோய்க்கு ஊர்தோறும் வெவ்வேறு காரணம் சொல்லப்படுமானால், அக்காரணங்களுள் ஒன்றும் உண்மையன்று என்று ஐயுறுவதற்கு அதுவே போதும்.

எனினும் ஐயத்தோடு நிற்க வேண்டியதில்லை. கணக்கே போட்டுப் பார்க்கலாம். கருவில் மேலுதடு உருவாவது ஏறத்தாழ 4-ஆம் வாரத்திற்கும் 7-ஆம் வாரத்திற்கும் இடையில். வாயின் மேற்கூரையாகிய அண்ணம் சேர்வது 6-ஆம் வாரத்திற்கும் 9-ஆம் வாரத்திற்கும் இடையில். முகத்தின் இருபுறத்திலிருந்தும் வளர்ந்துவரும் தசைகள் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் போனால் பிளவு. ஆகவே, பெரும்பாலான பெண்கள் தாங்கள் கருவுற்றிருப்பதை ஐயமற அறிந்துகொள்ளும் வேளையில் உதட்டின் கதை முடியும் தறுவாயில் இருக்கின்றது. வயிறு தெரியத் தொடங்கிய பின் வந்த கிரகணத்தில் அவள் வெங்காயம் அரிந்தாள் என்பது, கூரை போட்டு முடிந்த வீட்டிற்கு அஸ்திவாரத்தில் குறை நேற்று வந்தது என்பதற்கு ஒப்பாகும்.

1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், முழுச் சூரிய கிரகணம் ஒன்று சுமத்திராவையும் கெடாவையும் கடந்து சென்றது. அதனை ஆராய இங்கிலாந்திலிருந்து வானநூலார் அலோர் ஸ்டாருக்கு வந்து இறங்கினர். அதே 1929-இல்தான் ரஸ்ஸல் என்னும் துரை கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் தோன்றிய வளையக் கிரகணம் கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக யாழ்ப்பாணத்தைக் கடந்து சிங்கப்பூர் வரை வந்தது; தமிழர் வாழும் நிலங்களைத் தேடித் தேடித் தொட்டது போன்ற பாதை அது. கிரகணத்தின் நிழல் உதட்டைப் பிளக்குமாயின், அவ்விரண்டு ஆண்டுகளிலும் அப்பாதையில் அந்தச் சில வாரக் கருவைச் சுமந்த பெண்கள் எல்லாருக்கும் பிளந்த உதட்டுப் பிள்ளைகள் பிறந்திருக்க வேண்டும். அவ்விதம் நடந்ததாக எந்த ஆஸ்பத்திரிப் பதிவேடும் கூறவில்லை. ஆண்டில் கிரகணங்கள் நான்கு முதல் ஏழு வரையில்தான் உண்டு. ஆனால் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில், உலகில் ஒவ்வொரு நாளும் 500 குழந்தைகளளவு இக்குறையுடன் பிறக்கின்றன. கிரகணமில்லாத நாட்களில் இந்த வேலையைப் பார்ப்பது யார்?

மெய்யான காரணங்கள் பல. அவை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. குடும்பத்தின் வழிவழி வரும் கூறு ஒன்று. கருவுற்ற தொடக்கத்தில் தாயின் உணவில் கீரை வகைகளில் உள்ள போலிக் அமிலம் போன்ற சத்து குறைதல், புகை, மது, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவை பிற. மலையிலிருந்து நாள்தோறும் லாரி லாரியாகக் கீரையும் கோசும் கீழே இறங்கிச் செல்லும் ஊரில், அவற்றைப் பயிரிடும் வீட்டுப் பெண்ணுக்கு அது போதிய அளவு கிடைத்ததா என்று எந்த மாமியாரும் கேட்பதில்லை. பல குழந்தைகளின் விஷயத்தில் இன்ன காரணம் என்று வைத்தியராலும் கைவிட்டுச் சுட்டமுடியாது என்பதையும் நாம் மறைக்கவில்லை. காரணம் தெரியாத இடத்தில் "தெரியாது" என்று சொல்லும் துணிவு அறிவுடையோர்க்கு உண்டு. அத்துணிவில்லாத இடத்தில்தான் தாய் குற்றவாளியாகிறாள்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

பிளந்த உதட்டைத் தைத்ததாகப் பெயருடன் பதிவான பழைய நிகழ்ச்சிகளுள் ஒன்று சீன நாட்டில் நடந்தது. ஜின் அரச மரபின் வரலாற்று நூலில் அது எழுதப்பட்டுள்ளது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெய் யாங்ஜி என்னும் ஏழை இளைஞன் ஒருவன் பிளந்த உதட்டுடன் வாழ்ந்துவந்தான். முகக்குறி பார்க்கும் ஒருவன் அவனைக் கண்டு, நீ பெரும் பதவி அடைவாய் என்று சொன்னானாம். நம் ஊராராயிருந்தால் அச்சொல்லைக் கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதவி வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பர். அந்தப் பையனோ அப்படிச் செய்யவில்லை. ஜிங்ஜோ நாட்டின் ஆளுநராகிய யின் ஜோங்கான் என்பவரிடம் இக்குறையைச் சீர்செய்ய வல்ல வைத்தியர் இருக்கிறார் என்று 18-ஆம் வயதில் கேள்வியுற்றான். வழிச்செலவுக்குப் பணமில்லை, வீட்டிலிருந்த சிறிது தானியத்தைச் சுமந்துகொண்டு நடந்தே போனான். ஆளுநர் அவன் உறுதியை மெச்சி வைத்தியரை வரவழைத்தார். வைத்தியர் சொன்னது இது: அறுத்துச் சேர்க்கலாம், ஆனால் 100 நாள் கஞ்சி மட்டுமே குடிக்க வேண்டும், சிரிக்கவும் கூடாது, பேசவும் கூடாது. வெய் தயங்கவில்லை. பாதி வாழ்நாள் பேசாமலிருக்க நேர்ந்தாலும் மறுபாதி எஞ்சியிருக்கிறதே, 100 நாள் எம்மாத்திரம் என்ற கருத்தில் விடையிறுத்தான். அவன் உதடு சேர்ந்தது. பிற்காலத்தில் அவன் பல மாநிலங்களை ஆண்டவனாகவும் உயர்ந்தான். முகக்குறி பார்த்தவன் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். தானிய மூட்டையைத் தோளில் ஏற்றியவன் வெய்தான். அந்த வைத்தியருடைய பெயரை மட்டும் அந்நூல் எழுதாமல் விட்டுவிட்டது. ஆளுநரின் பெயர் இருக்கிறது, நோயாளியின் பெயர் இருக்கிறது, கத்தி பிடித்தவன் பெயர் இல்லை. வரலாறு எழுதுவோரின் வழக்கம் எந்நாட்டிலும் ஒன்றே போலும்.

இக்கதையில் நாம் கவனிக்கத்தக்கது, தையலைவிட அதற்கு முன் நடந்த பேச்சாகும். என்ன செய்யப்போகிறோம், பின்னர் எத்தனை நாள் எதைத் தவிர்க்க வேண்டும், உனக்குச் சம்மதமா என்று வைத்தியர் நோயாளியிடம் முன்கூட்டியே கூறி, விடை பெற்ற பின்னரே கத்தியை எடுத்தார். ஆயத்தப்படுத்துதல் என்பது 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இரண சிகிச்சையின் ஓர் உறுப்பாக இருந்தது.

நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையிலும் அறுபட்ட மூக்கைக் கன்னத் தசையால் சீர்செய்யும் முறையும், அதே வகையில் உதட்டைச் சேர்க்கும் குறிப்பும் உள்ளன. ஆனால் அந்த அறிவு ஊரெங்கும் பரவாமல் சில குடும்பங்களின் கைக்குள் அடங்கிப்போயிற்று. 1794-இல் இலண்டன் பத்திரிகை ஒன்று, பூனாப் பக்கத்தில் ஒரு வண்டிக்காரனுக்கு நெற்றித் தோலைக்கொண்டு மூக்கு அமைத்ததைப் படத்துடன் வெளியிட்ட பிறகே உலகம் அதனைக் கற்றுக்கொண்டது. நம் நாட்டுக் கலையை நம் நாட்டார் படிக்க வழியின்றி, இலண்டனார் படித்து வளர்த்தனர். வெட்கத்துக்குரிய இதை நாம் பெருமையாகப் பேசிக்கொள்ளுகின்றோம்!

ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு அம்புருவாஸ் பாரே என்பவர், பிளவின் இரு விளிம்புகளையும் பச்சைப் புண்ணாக்கி, ஊசியைக் குறுக்கே செலுத்தி, அதன்மேல் நூலை எட்டு வடிவமாகச் சுற்றி உதட்டைச் சேர்த்தார். அண்ணத்துத் துளைக்குப் பொன், வெள்ளித் தகடுகளால் மூடி செய்து வைத்தார். 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரோன்ஹைஸ என்பவர், குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்போதே உதட்டைத் தைக்கலாம் என்றார். இன்றைய வைத்தியர் கொள்ளும் வயதும் ஏறத்தாழ அதுவே. அவர் கூறிய ஆயத்தம் கேட்போர் மனத்தை உருக்கும்: தைப்பதற்கு முன் 10, 12 மணி நேரம் குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் வேலை முடிந்தவுடன் அயர்ந்து தூங்கி, அழுது தையலைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்கும். மயக்க மருந்து அறியாத உலகில், ஒரு வைத்தியனின் இரக்கம் செல்லக்கூடிய எல்லை அவ்வளவுதான். பசித்த கைக்குழந்தையை இரவெல்லாம் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்த அந்த ஆம்ஸ்டர்டாம் தாய்மாரை நினைத்துப் பார்க்கின்றோம்.

உதட்டைக் காட்டிலும் அண்ணம் கடினமானது. வாயினுள், இருட்டில், எச்சிலுக்கும் இரத்தத்துக்கும் நடுவில், விழித்திருக்கும் நோயாளியின் வாயில் தைக்க வேண்டும். 1816-இல் பெர்லினில் கிரேஃபெ என்பவர் மென்மையான பின் அண்ணத்தைத் தைத்தார். 1819-இல் பாரிஸ் நகரில் ரூ என்னும் வைத்தியரும் அதைச் செய்தார். அவருடைய நோயாளி யார் தெரியுமா? கனடாவிலிருந்து வைத்தியம் படிக்க வந்திருந்த ஜான் ஸ்டீவன்ஸன் என்னும் மாணவர். பிறவியிலேயே அண்ணம் பிளந்திருந்ததால் அவர் பேச்சு மூக்கால் வந்தது. மயக்க மருந்து வருவதற்கு இன்னும் 27 ஆண்டு இருந்தது. அவர் உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டே தைத்துக்கொண்டார். தையல் முடிந்ததும் அவர் குரல் மாறியது. மறு ஆண்டிலேயே எடின்பரோவில், தமக்கு நேர்ந்த அந்தச் சிகிச்சையையே பொருளாகக் கொண்டு இலத்தீனில் ஆராய்ச்சியுரை எழுதிப் பட்டம் பெற்றார். 1823-இல் மாண்ட்ரியல் நகரில் நண்பர்களுடன் ஒரு வைத்தியக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார்; அதுவே பின்னர் மக்கில் பல்கலைக் கழகத்தின் வைத்தியப் பிரிவாயிற்று. வாய்க்குறை உள்ளவன் சபையில் பேச வரலாமா என்று கேட்பவர் நம்மிடையே இன்னும் உளர். ஒரு நாட்டின் முதல் வைத்தியக் கல்லூரியில் நின்று பாடம் சொன்னவர் வாய்க்குறையுடன் பிறந்தவர்.

1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் புகை நோயாளியை உறங்கவைத்தது. ஆயினும் கைக்குழந்தைகளுக்கு அது எளிதில் உதவவில்லை. பெரியவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவியின் கதவங்களைத் தள்ளி மூச்சுவிடும் வலிமை சிசுவின் நெஞ்சுக்கு இல்லை. வைத்தியரும் மயக்க மருந்து தருபவரும் ஒரே சிறிய வாய்க்காகப் போட்டியிட வேண்டியிருந்தது. முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் கில்லீஸ் அமைத்த ஆஸ்பத்திரியில், மகில் முதலியோர் மூச்சுக்குழலுக்குள்ளேயே ஒரு குழாயைச் செலுத்தி மருந்து தரும் முறையை வளர்த்தனர். 1937-இல் நியூகாசில் நகரத்து பிலிப் அயர் என்பவர் அக்குழாயுடன், கதவமே இல்லாத, 'டீ' எழுத்து வடிவான ஒரு சிறு குழலை இணைத்தார். குழந்தை திணறாமல் மூச்சுவிட்டது. முகம் சிவந்து இரத்தம் பெருகுவது குறைந்தது. சில அணாக்களில் செய்துவிடக்கூடிய அந்தக் குழல், உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகளுக்கு உயிர்க்காப்பாயிற்று. அந்த அயர் என்பவரும் பிளந்த உதட்டோடும் பிளந்த அண்ணத்தோடும் பிறந்தவரே! கூட்டத்தில் பேசத் தயங்கும் நிலையில் வாழ்ந்த ஒருவர், தம்மைப் போன்ற சிசுக்கள் மூச்சுத் திணறாமல் உறங்க வழி கண்டார்.

பேச்சைப் பற்றி இங்கே சிறிது நின்று கூற வேண்டியுள்ளது. பிளந்த உதடு கண்ணுக்குத் தெரிவது. ஆகவே அதைத் தைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். அண்ணப்பிளவோ வாய்க்குள் மறைந்திருப்பது. தொல்காப்பியம் எழுத்துக்களின் பிறப்பிடமாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினைக் கூறுகின்றது. முழுப் பிளவுடன் பிறந்த குழந்தைக்கு இவ்வெட்டில் இதழ், பல், மூக்கு, அண்ணம் என்னும் நான்கும் குறைபட்டிருக்கின்றன. வல்லெழுத்துக்கு வாயில் காற்றை அடைத்துவைத்து விடுவிக்க வேண்டும். மெல்லெழுத்துக்கு மூக்கு வழியே விட வேண்டும். அண்ணத்தில் துளை இருந்தால் அடைத்த காற்று மூக்கில் ஓடிவிடும், வல்லினமெல்லாம் மெல்லினமாகிவிடும். குழந்தை "படம்" என்று சொல்ல முயலும். நம் செவிக்கு "மணம்" என்று கேட்கும். பிள்ளைக்கு அறிவு மட்டு என்று பள்ளியில் பின் வரிசைக்குத் தள்ளுவர். குறை அறிவிலன்று, காற்றின் வழியில் என்பதை நம் பழைய இலக்கணம் கற்ற ஆசிரியராவது கண்டுகொண்டிருக்க வேண்டும்.

எப்போது அண்ணத்தை மூடுவது என்பதில் ஒரு கடினம் உண்டு. மிக முன்னரே தைத்தால் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைத் தடுக்கும். பிந்தினால் பேச்சுக் கெடும். இதற்கு ஒளி தந்தது நமது அண்டை நாடாகிய இலங்கை. 1980-களில் பிரிட்டிஷ் வைத்தியக் குழு ஒன்று மைக்கேல் மார்ஸ் என்பவர் தலைமையில் காலி நகருக்கு வந்தது. சிகிச்சையே பெறாமல் இளைஞராகவும் பெரியவராகவும் வளர்ந்துவிட்டவர் பலரை அங்கே கண்டது. அவர்களுடைய தாடை நன்றாகவே வளர்ந்திருந்தது. ஆனால் வளர்ந்த பின் அண்ணத்தை மூடியும் பலருடைய பேச்சுத் திருந்தவில்லை. தவறான ஒலிகளிலேயே நாக்குப் பழகிப்போயிருந்தது. இம்முடிவுகள் 1990-இல் வெளியாயின. இன்று உதட்டை ஏறத்தாழ 3 மாதத்திலும், அண்ணத்தைப் பெரும்பாலும் 9 மாதத்திற்கும் ஒன்றரை வயதிற்கும் இடையிலும், அதாவது சொற்கள் தொடங்கும் வேளையில், மூடுகின்றனர். "பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம்", "இந்த ஆண்டு வியாழன் சரியில்லை" என்று தள்ளிப்போடுவோர் எதைத் தள்ளிப்போடுகின்றனர் என்பதைக் காலியில் கண்டவை காட்டும்.

பிரிஞ்சாங் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டரளவு உயரத்திலுள்ள ஊர். தாப்பாவிலிருந்து மலைமேல் வரும் சாலை 1931-இல் தான் முடிந்தது. அதற்குப்பின் தோட்டத்து டிரசர் எழுதித் தந்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கூலி அறுபடுமே என்ற கவலையோடு தாய்மார் லாரியில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. மலாயா விடுதலை பெற்ற பின்னும் குடியுரிமைக் காகிதம் கைக்கு வராமல் தோட்டத் தமிழர் பலர் தவித்தனர். அக்காகிதத்தைப் பொறுத்தே அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் சிறிதாவதும் பெரிதாவதும். இன்று கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர். காகிதக் கவலை அவர்களுக்கு மாறியிருக்கிறது. தானா ராத்தாவில் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. எனினும் உதட்டையும் அண்ணத்தையும் தைக்க ஈப்போ, கோலாலம்பூர் போன்ற பெருநகரங்களுக்கே இறங்க வேண்டும். ஆகவே பிறப்புச் சீட்டைப் பதிந்து பெற்றுக்கொள்வதையும் ஆயத்தத்தில் சேர்க்கின்றோம்.

ஆயத்தத்தின் முதற்பகுதி பால். அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச முடியாது. மார்பில் அரைமணி நேரம் கிடந்தும் வயிறு நிறையாது. பால் மூக்கு வழியே திரும்பும். இதைக் கண்டு பயந்து பாலைக் குறைப்பது பெருந்தவறு. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டலாம். நம் பாட்டிமார் சங்கு என்றும் பாலாடை என்றும் வைத்திருந்த, மூக்கு நீண்ட அச்சிறு கிண்ணத்தை நாம் பழமை என்று பரணில் எறிந்தோம். இந்திய ஆஸ்பத்திரிகளிலோ எடை குறைந்த சிசுக்களுக்கு அதைத் திரும்ப எடுத்தனர். புட்டியையும் கோப்பையையும் விடப் பாலாடையால் குழந்தை குறைந்த நேரத்தில் கூடுதலாகக் குடித்தது என்று 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. பழையது என்பதால் கொள்ளவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சோதித்துப் பார்த்துக் கொள்வோம். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாகக் கன்னத்தின் ஓரமாக ஊற்றி, இடையிடையே தோளில் போட்டு ஏப்பம் விடச்செய்ய வேண்டும். இந்தப் பழக்கம் தைத்த பின்னும் உதவும். ஏனெனில் புதுத் தையலின் மேல் புட்டிக் காம்பு படலாகாது என்று பல வைத்தியர் விதிப்பர். வெய் யாங்ஜியின் கஞ்சி நாட்களை நினைவிற்கொள்க.

இரண்டாவது, எடையும் இரத்தமும். அமெரிக்க வைத்தியர்கள் "பத்துகளின் விதி" என்று ஒன்றைக் கூறினர்: 10 வாரம், 10 பவுண்டு, இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் செம்பொருள். 10 பவுண்டு என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோ. இவ்விதியை இன்று சிலர் தளர்த்தியும் சிலர் இறுக்கியும் கொள்ளுகின்றனர். ஆயினும் தட்டில் ஏறும் ஒவ்வொரு கிராமும் தாய் ஊற்றிய பாலாடைகளின் கணக்கே. தேதிக்கு முந்திய வாரங்களில் மலைக்குளிர் ஓர் எதிரி. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் வைத்தியர் திருப்பி அனுப்பிவிடுவார். அது குழந்தையின் நன்மைக்கே. அடுப்புப் புகையையும், குழந்தையைப் பார்க்க வரும் சளி பிடித்த உறவினரையும் விலக்கி வைத்தல் நன்று. பின்னவரை விலக்குவதே கடினம்! உதட்டுப்பிளவு மிக அகலமாயிருந்தால், 1993-இல் அமெரிக்காவில் கிரேசன் முதலியோர் விளக்கிய முறைப்படி, வாயில் சிறு தகடு வைத்தும் உதட்டில் பட்டை ஒட்டியும் வாரந்தோறும் சிறிது சிறிதாக நெருக்குவர். மலையிலிருந்து வாரந்தோறும் இறங்குவது எளிதன்று என்பதை வைத்தியரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, கடைசி இரவு. மயக்கத்தில் வயிற்றிலுள்ள பால் மேலேறி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் தாய்ப்பாலானால் 4 மணி நேரம், மாவுப்பாலானால் 6 மணி நேரம் முன்னதாகவும், தெளிந்த நீரானால் அதற்கும் பின்வரையும் என்று நேரம் குறித்துத் தருவர். குழந்தை அழும். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நல்ல மனத்துப் பாட்டி, "ஒரு வாய் கொடு, யாருக்குத் தெரியும்?" என்பாள். அந்த ஒரு வாய் நுரையீரலுக்குத் தெரியும். தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தேதி தள்ளிப்போவது பெரிதன்று. அதுபோலவே அவ்விரவில் நெற்றியில் மையும், மணிக்கட்டில் மந்திரித்த கயிறும் கட்டி அனுப்பினால், தாதிமார் அவற்றை அவிழ்த்துவிடுவர். அதற்காக யாரும் மனம் கலங்க வேண்டியதில்லை.

நான்காவது, வீட்டாரை ஆயத்தப்படுத்துதல். விந்தை யாதெனில், மூன்று மாதம் பிளந்த உதட்டுடன் சிரித்த முகத்துக்குத் தாயின் கண் பழகிவிடுகின்றது. தைத்து வெளியே கொண்டுவந்தவுடன் வீங்கிய, இரத்தக் கறை படிந்த, வேறொரு முகத்தைக் கண்டு தாய் அழுவதுண்டு. இதனை முன்பே சொல்லிவைக்க வேண்டும். குழந்தை கையால் தையலைப் பிய்க்காமலிருக்க முழங்கையில் அட்டைக் குழல் போன்ற கவசம் மாட்டுவதும் உண்டு. அதை வீட்டிலேயே ஒருநாள் மாட்டிப் பழக்கினால் நன்று. ஓரிரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் பொம்மைக்குக் கட்டுப்போட்டுக் காட்டலாம். "ஊசி போடமாட்டார்கள்" என்று பொய் சொல்லி அழைத்துச் செல்லுதல் கூடாது. ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. இதில் அடுத்த முறைகள் பல உண்டு. 8 வயதிற்கு மேல் ஈறு எலும்பில் ஒட்டு வைத்தல், பல் வரிசை, காதுக்குள் நீர் தேங்கிக் கேள்வி மந்தமாகிறதா என்று பார்த்தல் எனப் பள்ளிப்பருவம் முழுவதும் அது தொடரும்.

பேச்சுப் பயிற்சியே பலர் விட்டுவிடுவது. தையல் ஒரு நாளில் முடிகின்றது. பயிற்சிக்கு வாரந்தோறும் நகருக்கு யார் போவது? தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டனர். சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தார், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் கிராமத்து ஊழியர்களையே தேர்ந்து பயிற்றி, அண்ணம் தைத்த பிள்ளைகளின் வீட்டுப்பக்கத்திலேயே பேச்சுத் திருத்தம் நடத்தச் செய்தனர். பெரிய கருவிகள் வேண்டியதில்லை. மூக்கின்கீழ் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்தால், காற்று மூக்கில் ஒழுகும்போது அது மங்கும். உள்ளங்கையில் ஒரு காகிதத் துண்டை வைத்து "ப" என்று சொல்லச் செய்தால், வாயிலிருந்து காற்று வரும்போது அது பறக்கும். பிரிஞ்சாங் போன்ற மலையூர்களின் பாலர் வகுப்பு ஆசிரியைகளுக்கும், தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்ப்போருக்கும் இதைக் கற்பிக்க ஒரு பிற்பகல் போதும். கண்ணாடித் துண்டு ஒன்று, காகிதத் துண்டு ஒன்று. முதல் நாள் காகிதம் அசையாது; கண்ணாடி மட்டும் மங்கும். சில வாரம் சென்று ஒருநாள் காகிதம் கையை விட்டுக் கீழே விழும். அதைப் பொறுக்கி எடுத்து மறுபடியும் வைக்கச் சொல்லிப் பிள்ளையே கையை நீட்டும்.